மின்னும் பெட்டி பாட்டைக் கேட்க விடுமா?

“மின்னுகிற பெட்டி பாட்டைக் கேட்க விடாது. என்னைப் பார், என்னைப் பார் என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும்.” பழைய ஸ்பீக்கர்களின் மேல் என்னைவிடப் பல மடங்கு பற்றுள்ள நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். 1970களில் செய்யப்பட்ட ஒரு ஜோடி ஸ்பீக்கரின் மரப்பெட்டிகளை உரித்துத் தேய்த்து, பியானோவுக்கு இருப்பதைப் போன்ற கறுப்பு மெருகு ஏற்றப்போகிறேன் என்று நான் சொன்னதற்கு அவர் தந்த பதில் அது. அவர் குரலில் கோபம் இல்லை, வருத்தம் இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் அங்கேயே வாதாடி முடித்திருப்பேன். வருத்தத்தோடு சொன்னதால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாக்கியம் என்னைவிட்டு அகலவில்லை. வேலையைத் தொடங்கிய பிறகும், உப்புத்தாளைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு பழைய பொருளின் மேல் படிந்திருக்கும் காலத்தை ஒரே நாளில் உரித்து எறிந்துவிடலாம். திரும்பப் பூச முடியாது. சேகரிப்பவர்களிடையே தொழிற்சாலைப் பூச்சு கெடாத பெட்டிக்குத்தான் மதிப்பு. புதிதாக மெருகேற்றிய பெட்டியைப் பார்த்தால், எதை மறைக்க இதைச் செய்தார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தச் சந்தேகத்திலும் பிழை சொல்ல முடியாது. உடைந்த மூலைக்கு மக்கு வைத்து, மேலே கெட்டியாகக் கறுப்பு அடித்து, பளபளப்பைக் காட்டி விற்றுவிடுகிறவர்கள் உண்டு. ஆனால் என்னை உறுத்தியது மதிப்பும் விலையும் அல்ல. இந்த ஜோடியை விற்கும் எண்ணமே எனக்கு இல்லை. ‘கேட்க விடாது’ என்று அவர் சொன்னதுதான் உறுத்தியது. ஸ்பீக்கர் கேட்பதற்காகவே இருக்கிற பொருள். நான் செய்யும் அழகு வேலை கேட்பதற்கு இடையூறாகும் என்றால், அதைத் தொடங்கவே கூடாது.

மங்கல்தான் மரபா?

பழைய ஸ்பீக்கர் என்றதும் நம் மனத்தில் எழுவது எண்ணெய் தடவிய வால்நட் மரம். ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், கைக்கு இதமான, மங்கிய மேற்பரப்பு. 1967இல் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் கொண்டுவந்த ஏ.ஆர்.-3ஏ போன்ற பெட்டிகள் அந்த உருவத்தை நிலைநிறுத்தின. ஆனால் அதையே மரபு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒலிக்கும் பெட்டிகளின் வரலாற்றில் அது இடையில் வந்த ஒரு பாணி. ஸ்காண்டிநேவிய அறைகலன்கள் 1950களிலும் 60களிலும் மேலை நாடுகளின் ரசனையை மாற்றியபோது, தேக்கும் வால்நட்டும் எண்ணெய்ப் பூச்சோடு வீடுகளுக்குள் வந்தன. அந்த மேசைக்கும் அலமாரிக்கும் ஒத்துப்போக வேண்டிய நிலையில் ஸ்பீக்கரும் மங்கலானது. அதற்கு முன்பு கிராமபோன் பெட்டிகள் அரக்கு மெருகில் மின்னின. 1930களின் வானொலிப் பெட்டிகள் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்ற, விரைவில் காயும் பூச்சில் மின்னின. 1950களின் ஜெர்மானிய வால்வு வானொலிகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: தந்த நிற விசைகளுக்கு மேலே, குனிந்து பார்ப்பவரின் முகம் தெரிகிற அளவுக்கு மெருகேறிய மரம்.

அரக்கைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தீருவதில்லை. ஒரு சிறு பூச்சி மரக்கிளைகளில் சுரந்துவைக்கும் பிசின் அது. அதைச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிப்பொதியால் வட்டவட்டமாகத் தேய்த்து ஏற்றுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். அதே அரக்கு கனிமத் தூளோடு கலந்து, சூட்டில் அழுத்தப்பட்டு, 78 சுற்று இசைத்தட்டாகவும் ஆனது. வினைல் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இசைத்தட்டுகள் பெரும்பாலும் அரக்கில்தான் அழுத்தப்பட்டன. பெட்டிக்கு மேலே மின்னியதும் பெட்டிக்குள்ளே சுழன்றதும் ஒரே பூச்சியின் சுரப்பு என்றால், பளபளப்பு இசைப்பெட்டிக்கு அந்நியமான ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

மங்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ரசனையைச் சேர்ந்ததல்ல. எண்ணெயோ மெல்லிய லாக்கரோ பூசினால் மரத்தின் துளைகளை நிரப்ப வேண்டியதில்லை, வாரக்கணக்கில் காயவைக்க வேண்டியதில்லை, சிறு மேடு பள்ளங்களும் தெரியாது. உற்பத்தி வரிசைக்கு அது பெரிய வசதி. மங்கல் பூச்சு மன்னிக்கும் குணம் உள்ளது. மெருகு எதையும் மன்னிக்காது. இத்தனையும் நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வரலாறு சரி. நான் உட்கார்ந்து கேட்கும்போது என் கண்ணுக்கு எது தெரியும் என்பதுதான் என் கேள்வி” என்றார். அதற்கு என்னிடம் அன்று பதில் இல்லை.

காதுக்குத் தெரியாதது, கண்ணுக்குத் தெரிவது

முதலில் காதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பளபளப்பான பெட்டி ஒலியைக் கூசவைக்கும், சத்தம் கடுமையாகிவிடும் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனிதக் காது கேட்கக்கூடிய மிக உயர்ந்த ஒலி, அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு கொண்டது, காற்றில் சுமார் 17 மில்லிமீட்டர் அலைநீளம் உடையது. மற்ற ஒலிகளின் அலைகள் எல்லாம் அதைவிட நீளமானவை. மங்கல் பூச்சுக்கும் மெருகுக்கும் இடையிலான வேறுபாடோ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு. அந்தக் கரடு இருக்கிறதா இல்லையா என்பது ஒலி அலைக்குத் தெரியவே தெரியாது. பூச்சின் கனமும் அப்படித்தான். 18 மில்லிமீட்டர் பலகையின் மேல் 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் லாக்கர் ஏறுகிறது. வயலினில் வார்னிஷ் ஒலியை மாற்றக்கூடும். அதன் மேற்பலகை மூன்று மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது, அந்தப் பலகை பாடியாக வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்கு விதி அதற்கு நேர்மாறு: அது பாடக் கூடாது. பி.பி.சி. வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு ஸ்பீக்கரில் 12 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட்டின் உட்புறம் தார்ப்பட்டைகளை ஒட்டியதும் பலகையை அடக்கி வைப்பதற்காகத்தான். ஆக, மெருகு காதைத் தொடுவதில்லை. நண்பரும் அதைச் சொல்லவில்லை. அவர் சொன்னது கண்ணைப் பற்றி.

ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் நான்கு முதல் ஏழு பங்குதான். அதனால்தான் காது அறியாத கரட்டைக் கண் உடனே அறிந்துகொள்கிறது. இங்கே நான் வெகுநாள் கவனிக்காமல் இருந்த ஒன்று உண்டு. மெருகேறிய பரப்பு மங்கிய பரப்பைவிட அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் நேராகப் பார்க்கும்போது இரண்டும் மேற்பரப்பிலிருந்து திருப்புவது ஏறத்தாழ ஒரே அளவு, நூற்றில் நான்கு பங்கு. மங்கிய பரப்பு அந்த நான்கையும் எல்லாத் திசைகளிலும் இறைக்கிறது. அது மரத்தின் மேல் ஒரு வெளிர் திரையாகப் படிகிறது. மெருகு அதை ஒரே திசையில் அனுப்பிவிடுகிறது. அந்தத் திசையில் நாம் நிற்காதவரை, பூச்சுக்குள் நுழைந்து மரத்தைத் தொட்டுத் திரும்பும் ஒளி மட்டும் நம் கண்ணுக்கு வருகிறது. மெருகு முகத்தைக் காட்டும் என்பார்கள். அது மரத்தையும் காட்டும் என்பதைக் கண்ணால் பார்க்கும்வரை நான் சரியாக உள்வாங்கிக்கொள்ளவில்லை.

நனைந்த ஒரு நிமிடம்

கறுப்புதான் என்று நான் முடிவு செய்திருந்ததற்குக் காரணம் பெட்டிகளின் நிலைமை. மேற்பலகையில் கோப்பை வைத்த வட்டங்கள். ஒரு பக்கம் வெயில் பட்டு வெளுத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் மேலே தெளித்துத் துடைத்த பாலிஷும் தூசியும் சேர்ந்து, மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்கும்படி ஒரு பழுப்புப் படலம். இதன் அடியில் பார்க்கும்படி என்ன இருக்கப்போகிறது என்று எண்ணியிருந்தேன்.

தாழ்ந்த ஒலிக்கான வூஃபரையும் உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டரையும் கழற்றி, கம்பிகளின் நேர்முனை எதிர்முனைகளைக் குறித்துக்கொண்டு, ஒலியை அவை இரண்டுக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் பலகையையும் வெளியே எடுத்துவிட்டேன். இந்த வேலையில் இறங்கும் எவரும் ஒன்றை மறக்கக் கூடாது: ஸ்பீக்கர் யூனிட்டுகள் இருக்கும் அறைக்குள்ளேயே எஃகுக் கம்பளியைக் கொண்டுவராதீர்கள். அதிலிருந்து உதிரும் இரும்பு இழைகள் காந்தத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். காந்தத்துக்குள் குரல்சுருள் என்ற கம்பிச்சுருள் அசையும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே ஓர் இழை புகுந்துவிட்டால், ஒவ்வொரு பாட்டின் அடியிலும் ஒரு கரகரப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வெளியே எடுப்பது பெரும்பாடு.

பழைய பூச்சை இயந்திரத்தால் தேய்த்து எடுக்கவும் கூடாது. இவை முழு மரப்பெட்டிகள் அல்ல. மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகையின் மேல் ஒட்டிய வெனீர், அதாவது மெல்லிதாகச் சீவிய மரத்தாள். என் பெட்டிகளில் அதன் கனத்தைப் பின்புற விளிம்பில் பார்க்க முடிந்தது. ஒரு மில்லிமீட்டரைவிடச் சற்றே குறைவு. பூச்சு உரிக்கும் கரைசலைத் தடவி, இளகியதும் மெல்லிய எஃகுத் தகட்டால் ரேகை ஓடும் திசையிலேயே சுரண்டினேன். அழுக்கோடு சேர்ந்த பழுப்புக் கூழ் தகட்டின் விளிம்பில் சுருண்டு வந்தது. அதற்கு அடியில் கிடைத்தது வெளிறிய, சாம்பல் பூத்த, உயிரற்ற ஒரு மரம். கறுப்பு என்ற முடிவு இன்னும் உறுதியானது.

சுரண்டி முடித்ததும் மிச்சத்தை அகற்ற, நாப்தா என்ற கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பது வழக்கம். வீட்டில் தெளிக்கும் பாலிஷ்களில் பெரும்பாலும் சிலிக்கான் இருக்கும். அது மரத்தில் ஊறியிருந்தால் புதுப்பூச்சு அந்த இடங்களில் ஒட்டாமல் விலகி, சிறுசிறு வட்டக் குழிகளாக நிற்கும். மீன்கண் என்று சொல்வார்கள். அதைத் தவிர்க்கத்தான் துடைத்தேன், வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. துணி போன வழியில் மரம் விழித்துக்கொண்டது. சாம்பல் மறைந்து, ஆழ்ந்த பழுப்பும் அதற்குள் கருஞ்சிவப்பும் தெரிந்தன. இடப்பக்கப் பலகையின் கீழ்மூலைக்கு அருகில், ஒரு கிளை முளைத்த இடமாக இருக்க வேண்டும், ரேகைகள் ஒரு சுழியாகச் சுற்றிக்கொண்டு கிளம்பின. அதிலிருந்து பிரிந்த ஒரு கரிய வரி மேலே ஏறி விளிம்பை அடைந்தது. என் கை தானாக அந்த வரியைத் தொடர்ந்தது. மேற்பலகையையும் துடைத்தேன். வரி அங்கே அறுபடவில்லை. விளிம்பைக் கடந்து, மேற்பலகையின் குறுக்கே ஓடி, மறுவிளிம்பில் மடங்கி, வலப்பக்கத்தில் இறங்கியது.

அதாவது, யாரோ ஒருவர் நீண்ட ஒரே வெனீர்த் தாளைப் பலகையில் ஒட்டி, அதை மூன்றாக அறுத்து, 45 பாகைச் சாய்வில் மூலைகளைச் சேர்த்து, ரேகை பெட்டியைச் சுற்றி ஓடும்படி செய்திருக்கிறார். நாப்தா ஒரு நிமிடத்துக்குள் ஆவியாகிவிடும். வரி மங்கி, மரம் மறுபடியும் சாம்பலுக்குள் போனது. இரண்டாவது பெட்டியைத் தூக்கிப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்துத் துடைத்தேன். அங்கேயும் அதே சுழி, அதே வரி. ஆனால் வலப்பக்கத்திலிருந்து கிளம்பி இடப்பக்கத்தில் இறங்கியது. ஒரே மரத்துண்டிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாள்களில் ஒன்றைப் புரட்டி ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு பெட்டிகளும் அறையில் எதிரெதிர் ஓரங்களில் நிற்கும்போது ஒன்றுக்கு மற்றது கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்த வேலை. பெட்டியின் பின்னால் ஒட்டிய தாளில் மாடல் எண் இருக்கிறது, வரிசை எண் இருக்கிறது. இதைச் செய்த கைக்கு உரியவரின் பெயர் எங்கேயும் இல்லை.

இதன்மேல் கறுப்பு அடிக்க என்னால் முடியாது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. எண்ணெய் தடவி மங்கலாகவே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். நண்பர் அதைத்தான் விரும்பியிருப்பார். ஒரு மூலையில் எண்ணெய் தடவியும் பார்த்தேன். மரம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வரி விளிம்பைக் கடக்கும் இடம் அரைகுறையாகத்தான் தெரிந்தது. நனைந்த நிமிடத்தில் நான் பார்த்தது அதில் இல்லை. காரணம் எளிது. உலர்ந்த மரத்தின் அறுபட்ட நுண்குழாய்களில் காற்று நிற்கிறது. காற்றுக்கும் மரத்துக்கும் ஒளி வளையும் அளவில் பெரிய வேறுபாடு இருப்பதால், உள்ளே போகும் ஒளி மேலேயே சிதறிவிடுகிறது. குழாய்களில் திரவம் நிறைந்தால் அந்த வேறுபாடு குறைந்து, ஒளி ஆழம்வரை போய்வருகிறது. ஒளி வளைவதைக் குறிக்கும் ஒளிவிலகல் எண் லாக்கருக்கு ஏறத்தாழ 1.5, மர இழையினுடையதும் அதற்கு அருகில்தான். துளைகளை முழுவதும் நிரப்பி, மேலே சிதறல் இல்லாத சமதளத்தையும் உருவாக்கினால், அந்த ஒரு நிமிடத்தை அப்படியே நிறுத்திவைக்கலாம். அதற்குப் பெயர்தான் மெருகு. நிறமற்ற, மரம் தெரியும் மெருகு என்று முடிவு செய்தேன்.

நிரப்புவதும் காத்திருப்பதும்

வால்நட், தேக்கு, ஓக், மகோகனி எல்லாம் திறந்த துளை மரங்கள். மேபிளைப் போல எளிதில் மெருகு ஏறாது. நிரப்பாமல் பூசினால், எத்தனை முறை பூசினாலும் ஊசியால் கீறியதைப் போன்ற சிறு பள்ளங்கள் ஒளியில் தெரிந்துகொண்டே இருக்கும். மெழுகு நீக்கிய அரக்கை முதல் பூச்சாகக் கொடுத்தேன். மிஞ்சியிருக்கும் சிலிக்கானை அது மேலே வரவிடாமல் பூட்டிவைக்கும். மேலே வரும் எந்தப் பூச்சும் அதன்மேல் ஒட்டும். வூஃபருக்காக வெட்டிய ஓட்டைகளின் வாயிலும் அதையே தாராளமாகத் தடவினேன். அங்கே மரத்தூள் பலகை அம்மணமாக இருக்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் உப்பிவிடும். உப்பியது திரும்ப அமுங்காது. பிறகு மரத்தைவிடச் சற்றே கருமையான துளை நிரப்பியை ரேகைக்குக் குறுக்கே அழுத்தித் தேய்த்து, மேலே நின்றதைச் சாக்குத்துணியால் வழித்தெடுத்தேன்.

மேற்பூச்சுக்கு இரண்டு பொருள் கலக்கும் பாலியூரித்தேன்தான் வலிமையானது என்று பலரும் சொன்னார்கள். வலிமை உண்மைதான். ஆனால் அதைக் கெட்டியாக்கும் ஐசோசயனேட்டைச் சுவாசிப்பது நுரையீரலுக்குப் பெரும் தீங்கு; வெளியிலிருந்து நல்ல காற்று தரும் முகமூடியும் முறையான தெளிப்பு அறையும் இல்லாமல் அதைத் தெளிக்கவே கூடாது. நான் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கும் முகமூடி வேண்டும், நெருப்பின் பக்கம் போகவே கூடாது. ஆனால் அதில் எனக்குப் பிடித்த ஒரு குணம் உண்டு: புதிய பூச்சு பழைய பூச்சை இளக்கி அதனோடு ஒன்றாகிவிடும். பாலியூரித்தேன் அப்படிக் கலப்பதில்லை. ஒரு பூச்சைத் தாண்டி அடுத்ததுவரை தேய்த்துவிட்டால், நிலப்படத்தில் உயரக்கோடுகள் தெரிவதுபோல் வளையங்கள் தெரியும். லாக்கரில் அந்தக் கவலை இல்லை. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் தெளித்தால் மட்டும் வெள்ளையாகப் பூத்துவிடும். வேகமாக ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரவைத்து, காற்றிலுள்ள ஈரத்தை அதன்மேல் படியவைக்கிறது. அப்படிப்பட்ட நாட்களில் வேலையை ஒத்திவைப்பதைவிட நல்ல வழி இல்லை.

லாக்கரில் கெட்டிப்பொருள் குறைவு. பெரும்பகுதி பறந்துபோகிற தின்னர்தான். காலையில் துளைகள் நிரம்பி வழவழப்பாக இருந்த பரப்பு, சில நாள் கழித்துப் பார்த்தால் மறுபடியும் துளைகளுக்குள் அமிழ்ந்திருக்கும். இந்த இடத்தில் அவசரப்படுகிறவர்களின் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன்: முடித்த வாரத்தில் குறையே சொல்ல முடியாது, மூன்றாம் மாதத்தில் ரேகை முழுவதும் பள்ளம் பள்ளமாகத் தெரியும். மர இழைகளைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகைப் பெட்டிகளில் இதைவிடக் கொடுமை ஒன்று நடக்கும். இரண்டு பலகைகள் சேரும் மூட்டு, பருவநிலை மாறியதும் ஒரு முடிக்கோடாக மெருகின் மேல் எழுந்து வரும். மங்கல் பூச்சில் அது கண்ணில் படவே படாது. வெனீர் மேலே போர்த்தியிருந்ததால் என் பெட்டிகளுக்கு அந்தத் தொல்லை வரவில்லை.

பூசுவது, காயவிடுவது, தேய்த்து மட்டமாக்குவது, மறுபடியும் பூசுவது. இதைச் செய்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு சின்ன வேலை. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைப் பலகையின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பிடிப்பேன். படுத்து வரும் அந்த ஒளியில் எதுவும் தப்பாது. தேய்த்த இடம் பால்போல் மங்கியிருக்கும். எட்டாத பள்ளங்கள் மட்டும் சின்னச் சின்ன மின்னல் புள்ளிகளாக நிற்கும். பளபளப்பைத் தேடிப் போகும் வேலையில், நடுவழியில் பளபளக்கும் புள்ளிதான் குறை. பரப்பு முழுவதும் ஒரே சீராக மங்கினால்தான் அது மட்டமாயிற்று என்று பொருள். அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒரு மாலையில் பலகை முழுவதும் ஒரே மங்கலாகக் கிடந்தபோது எனக்கு ஏற்பட்ட நிறைவு, கடைசி மெருகு தந்ததைவிடப் பெரிது.

விளிம்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஈரமான பூச்சு கூர்மையான விளிம்பைவிட்டு இயல்பாகவே விலகிக்கொள்ளும். பூச்சு மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான். உப்புத்தாளின் அழுத்தம் மிகுதியாக விழுவதும் அங்கேதான். முழு மரமாக இருந்தால் விளிம்பைச் சற்றே உருட்டிவிடலாம். வெனீரில் அதற்கு இடமில்லை. என் பெட்டிகளின் உயிரே அந்தக் கரிய வரி விளிம்பைக் கடக்கும் இடத்தில்தான் இருந்தது. அதனால் தேய்க்கும்போதெல்லாம் விளிம்பு நெடுகிலும் நாடா ஒட்டிக் காத்தேன். கடைசியில் நாடாவை எடுத்துவிட்டு, கட்டை எதுவும் வைக்காமல், விரல் நுனியால் மட்டும் அந்த இடங்களைத் தேய்த்தேன்.

லாக்கர் சுருங்கி முடிக்க ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவைத்தேன். பிறகு, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளான வாட்டர் பேப்பர். 800ஆம் எண்ணில் தொடங்கி, 1000, 1500, 2000. எண் ஏற ஏற மணல் சிறுக்கும்: ஐரோப்பிய அளவுமுறையில் 1000ஆம் எண் தாளின் துகள் சுமார் 18 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு), 2000ஆம் எண்ணில் சுமார் 10 மைக்ரான். ஒவ்வொரு எண்ணுக்கும் முந்தையதன் கீறல்களை அழிப்பதுதான் வேலை. ஒன்றைத் தாண்டிக் குதித்தால் அதன் கீறல் கடைசி மெருகில் வந்து நிற்கும். ஓட்டைகளின் அருகில் தண்ணீருக்குப் பதிலாக நாப்தாவில் நனைத்தே தேய்த்தேன். அதன்பின் ரப்பிங் காம்பவுண்ட் என்ற தேய்ப்புக் குழம்பு, அதைவிட நுண்மையான பாலிஷ். அச்சிட்ட தாள் ஒன்றைப் பலகைக்குச் செங்குத்தாகப் பிடித்து, பிம்பத்தில் தலைகீழாகத் தெரியும் எழுத்துகளின் விளிம்பு கலங்காமல் இருக்கிறதா என்று பார்ப்பேன். சிறிய எழுத்தும் கூர்மையாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.

முன்பலகை

நண்பரின் கேள்விக்கு வருகிறேன். உட்கார்ந்து கேட்கும்போது கண்ணுக்கு எது தெரியும்? நேராகப் பார்க்கும்போது நூற்றில் நான்கு பங்கு ஒளியைத் திருப்பும் மெருகு, சாய்ந்து பார்க்கப் பார்க்க அதிகமாகத் திருப்பும். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கப்பலகைகளை மிகவும் சாய்ந்த கோணத்தில்தான் பார்க்கிறார். அங்கே மரம் தெரியாது. அறையின் விளக்கும் சன்னலும்தான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் நண்பர் சொன்னது முழுக்கச் சரி. அதனால் இரண்டு காரியங்கள் செய்தேன். வூஃபரும் ட்வீட்டரும் அமரும் முன்பலகைக்கு மெருகு கொடுக்கவே இல்லை. முதலில் இருந்ததைப் போலவே, ஒளியைத் தின்னும் மங்கிய கறுப்பு. பெட்டிகளைக் கேட்பவரை நோக்கிச் சற்றே உள்பக்கமாகத் திருப்பியும் வைத்தேன். பல ஸ்பீக்கர்களை ஒலிக்காகவே அப்படித் திருப்பி வைப்பார்கள். இங்கே அது கண்ணுக்கும் உதவியது. உட்கார்ந்தால் மங்கிய கறுப்பு மட்டும். எழுந்து அருகில் போய்க் குனிந்தால் அந்த வரி.

நண்பர் வந்து கேட்டார். இசைத்தட்டின் ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து போய், இடப்பக்கப் பெட்டியின் மேல் குனிந்து, வரியை விரலால் தொடாமல் தொடர்ந்தார். “இது முன்பே இப்படி இருந்ததா?” என்று கேட்டார். இருந்தது என்றேன். பழைய பூச்சைப் படம் எடுத்து வைத்திருக்கிறேனா என்றும் கேட்டார். எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். தன் வீட்டுப் பெட்டிகளை எப்போதும் எண்ணெயில்தான் வைத்திருப்பேன் என்று அவர் இன்றும் சொல்கிறார். அவற்றின் பூச்சு கெடாமல் இருக்கிறது. அதை உரிக்கச் சொல்ல எனக்கும் மனம் வராது.

இப்போது என் மேசையில் இன்னொரு ஜோடி தேக்கு வெனீர்ப் பெட்டிகள் காத்திருக்கின்றன. பின்விளிம்பில் பார்த்தேன். முன்பு யாரோ இயந்திரம் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். வெனீர் கனமான காகிதம் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கிறது, ஒரு மூலையில் அடிப்பலகையின் மஞ்சள் தெரியத் தொடங்கிவிட்டது. துளை நிரப்பி மட்டமாக்கும் அளவுக்கு அதில் மரம் இல்லை. அவற்றை உரிக்கப்போவதில்லை. சுத்தம் செய்து, அந்த மூலைக்கு ரேகை பார்த்து ஒரு சிறு துண்டு வெனீர் ஒட்டி, எண்ணெய் மட்டும் தடவுவதாக இருக்கிறேன்.